திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ்: இணைப்போடு நிறுத்திக்கொண்டது சரிதானா?

தோவாளைமேடு (இழையைத் தொடங்கியவர்)

ஆண்டுதோறும் நவம்பர் 1 அன்று நாகர்கோவிலில் மார்ஷல் நேசமணியின் நினைவைப் போற்றுகிறோம். மேடைகளில் பேசப்படுவதெல்லாம், திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்த நம் தமிழ்ப் பகுதி தமிழகத்தோடு இணைந்த வெற்றியைப் பற்றியே. அந்த வெற்றியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. வெற்றி பெற்ற கட்சி அதன்பின் என்ன ஆயிற்று என்பதை நாம் ஏன் பேசுவதே இல்லை என்று கேட்கத்தான் இந்த இழை.

தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1945 டிசம்பரில் சாம் நத்தானியேல் தலைமையில் நாகர்கோவிலில் தோன்றிய அமைப்பு, 1946 ஜூன் 30 அன்று இரவிபுதூரில் கூடித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற பெயரை ஏற்றது. 1947இல் வழக்கறிஞர் நேசமணி அதில் இணைந்த பிறகுதான் கட்சி கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களின் ஊர்களுக்குள் வேரோடியது. 1948 தேர்தலில் 14 இடங்கள், 1952இல் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் 8 இடங்களுடன் நேசமணிக்கு நாகர்கோவில் மக்களவைத் தொகுதி, 1954இல் 117 இடங்களில் 12 என அதன் வளர்ச்சி இருந்தது. அறுதிப் பெரும்பான்மை யாருக்கும் இல்லாத அந்தச் சட்டமன்றத்தில் 12 என்பது அமைச்சரவைகளை ஆட்டிவைக்கப் போதுமான எண்ணிக்கை.

கட்சி தமிழகத்தோடு இணைக்கக் கேட்டது அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையோடு தேவிகுளம், பீர்மேடு ஆகிய மலைத் தாலுகாக்கள் போன்றவற்றையும் சேர்த்து. 1956 நவம்பர் 1 அன்று தெற்கே உள்ள நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றுவிட்டன. சிறிது காலத்தில் கட்சி இந்திய தேசிய காங்கிரசில் கரைந்தது.

என் கருத்து இதுதான். ஒரு மொழிச் சிறுபான்மையின் கட்சி, இணைய முடிந்த இடத்திற்கு இணைப்பையும், இணைய முடியாமற்போகும் இடத்திற்குத் தன்னாட்சியையோ எழுத்திலான பாதுகாப்பையோ ஒரே நேரத்தில் கேட்டிருக்க வேண்டும். நம் கட்சி முதலாவதில் உயிரைக் கொடுத்தது; இரண்டாவதை அதே உறுதியோடு முன்வைக்கவில்லை. அதன் விலையைக் கொடுத்தவர்கள் நாம் அல்லர், மலைமேல் இருந்தவர்கள்.

குழித்துறைக்கரை

அண்ணாச்சி, வரலாற்றைச் சரியாகச் சொல்லிவிட்டு முடிவில் அவசரப்படுகிறீர்கள்.

1948 தேர்தல் நேரத்தில் மங்காட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் தேவசகாயமும் செல்லையாவும் உயிரிழந்தார்கள். 1954 ஆகஸ்ட் 11 அன்று விடுதலை நாள் என்று கட்சி அறிவித்து ஊர்வலம் போனபோது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் பட்டம் தாணுப் பிள்ளை. அவருடைய பிரஜா சோசலிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியாவே, சுதந்திர நாட்டில் மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று சொந்தக் கட்சியின் அமைச்சரவைக்கு எதிராக நின்றார். அகில இந்தியக் கட்சி ஒன்று உடைவதற்கு எங்கள் விளவங்கோட்டுச் சாலைகளில் விழுந்த குண்டுகள் ஒரு காரணமாயின.

அந்தச் சூழ்நிலையில், "இணைப்புத் தாருங்கள், அது முடியாவிட்டால் உங்களுக்குள்ளேயே சில உரிமைகளைத் தாருங்கள்" என்று ஒரு கட்சி பேசினால், எதிரே இருப்பவர் முதல் கோரிக்கையைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். இரண்டாவதை எடுத்துக்கொண்டு, அதையும் பாதியாக்கித் தருவார். பேரம் பேசத் தெரிந்த எவரும் இரண்டாவது விலையை முதலிலேயே வெளியில் சொல்லமாட்டார். புதுக்கடை நினைவுத் தூணின் முன்னால் நின்றுகொண்டு, "நீங்கள் மாற்றுத் திட்டம் ஒன்று வைத்திருக்க வேண்டும்" என்று என்னால் சொல்ல முடியவில்லை.

பறளியாறு

மாநில மறுசீரமைப்பு ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் ஒருவரான கே. எம். பணிக்கர் கேரளத்தவர். தேவிகுளம், பீர்மேடு ஏன் போயிற்று என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டுமா?

தோவாளைமேடு

தேட வேண்டும் ஐயா. அதே பணிக்கர் கையெழுத்திட்ட அறிக்கைதான் நெல் விளையும் நாஞ்சில் நாட்டையும் சேர்த்து நான்கு தாலுகாக்களை நமக்குத் தரச் சொன்னது. ஒருவரின் பிறந்த ஊரைக் காரணமாக்கிவிட்டால், அறிக்கையின் தர்க்கத்தை நாம் படிக்காமலேயே போய்விடுவோம். அந்தத் தர்க்கம்தான் மிகவும் கவலைக்குரியது.

தேவிகுளத்தில் தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 72 விழுக்காடு, பீர்மேட்டில் ஏறத்தாழ 44 விழுக்காடு என்பதை ஆணையம் மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலுக்காக வந்து போகிற, நிலையாகக் குடியிராத மக்கள் என்று கருதியது; மலையின் தேயிலையும் ஏலமும் நீர்மின்சாரமும் புதிய கேரளத்திற்குத் தேவை என்றும் எடை போட்டது. தெற்கே மொழி எண்ணிக்கை தீர்ப்பளித்தது. மலையில் அதே எண்ணிக்கைக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

இன்னொன்றையும் கவனியுங்கள். வடக்கே ஆந்திர எல்லையைப் பிரித்தபோது நடுவராக இருந்த பட்டாஸ்கர் கிராமத்தை அலகாகக் கொண்டார். 1960இல் திருத்தணி நமக்கு வந்தது அப்படித்தான். தெற்கே தாலுகாவே அலகு என்று நின்றார்கள். எந்த அலகில் எண்ணுவது என்பதை முடிவு செய்கிறவர் கையில்தான் சிறுபான்மையின் தலையெழுத்து இருக்கிறது. அதனால்தான் எண்ணிக்கையை மட்டும் நம்பிய ஒற்றைக் கோரிக்கை போதாது என்கிறேன்.

மூணாற்றுமகள்

இந்த இழையை நேற்றே படித்துவிட்டேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்து இன்று எழுதுகிறேன். நான் திருமணமாகி நாகர்கோவிலில் இருக்கிறேன். பிறந்தது மூணாறு அருகே ஓர் எஸ்டேட் லயத்தில். என் பாட்டியும் அம்மாவும் கொழுந்து எடுத்தவர்கள்.

நிலையாகக் குடியிராத மக்கள் என்று ஆணையம் சொன்னதாக அண்ணாச்சி எழுதியிருக்கிறார். அந்த வார்த்தையின் கீழே நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். லயம் என்பது கம்பெனியின் வீடு. வேலை இருக்கும்வரை இருக்கலாம்; ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பிள்ளைகளில் ஒருவர் அதே தோட்டத்தில் பேர் பதிந்தால்தான் குடும்பம் அந்த வீட்டில் தொடர முடியும். மூன்று தலைமுறையாக ஒரே மலையில் இருந்தும் ஒரு சென்ட் நிலம் எங்கள் பெயரில் இல்லை. நிலம் இல்லாததால் நிலையற்றவர்கள் என்றார்கள். நிலையற்றவர்கள் என்றதால் மாநிலம் மாறும் வாய்ப்பை மறுத்தார்கள். அதே காலத்தில் பட்டம் தாணுப் பிள்ளையின் அரசு உயர்மலைப் பகுதிகளில் கீழ்நாட்டுக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றியது. கல்லாற்றில் பட்டம் காலனி என்று இன்றும் ஊர் இருக்கிறது. நிலம் பெற்று வந்தவர்கள் ஊர்க்காரர்கள் ஆனார்கள், தேயிலைத் தோட்டத்தை உருவாக்கியவர்கள் வந்தேறிகள் ஆனார்கள்.

பட்டியல் சாதிச் சான்றிதழுக்காக என் தம்பி அலைந்தபோது, குடும்பம் 1950க்கு முன்பே இந்த மண்ணில் குடியிருந்தது என்பதற்குச் சான்று கேட்டார்கள். எங்களிடம் பட்டா கிடையாது, வீட்டு வரி ரசீது கிடையாது. பாட்டனாரின் பெயர் இருந்த பழைய செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) பக்கத்தைத் தேடி என் தந்தையார் தோட்ட அலுவலகத்தில் நாள் முழுவதும் நின்றார். தாளின் ஓரம் கறையான் அரித்திருந்தது; பெயரில் பாதி எழுத்துத்தான் மிச்சம். அந்தப் பாதி எழுத்தை வைத்துத்தான் நாங்கள் கேரளத்தவர் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

நேசமணி ஐயா 1954இல் மூணாற்றுக்கு வந்து தடையை மீறிக் கைதானதை எங்கள் பெரியவர்கள் நன்றியோடுதான் சொல்வார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை என்பதையும் சொல்வார்கள். கட்சி போனபின் எங்கள் அரசியல் யூனியனுக்குள் போயிற்று. 1958 இடைத்தேர்தலில் தேவிகுளத்தில் ரோசம்மா புன்னூஸ் வென்றபோது, பாவலர் வரதராஜன் தமிழில் பாடியே கம்யூனிஸ்ட் கட்சிக்கு ஓட்டுச் சேர்த்தார். கூலி, போனஸ், லீவு என்று யூனியன்கள் செய்தவை ஏராளம். அதை மறுத்தால் பாவம். ஆனால் தமிழர் என்ற முறையில் எங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்க யூனியனில் இடம் இல்லை. 2015இல் பெண்கள் தாங்களாகவே பெம்பிளை ஒருமை என்று திரண்டு மூணாற்றுச் சாலையை மறித்தபோது, கட்சிச் சங்கத் தலைவர்களை அருகில் வரவிடவில்லை. அவ்வளவு காலத்துக் கோபம் அது.

குழித்துறைக்கரை

தங்கை எழுதியதைப் படித்து மனம் கனத்தது. அவர் சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஒரு சட்டக் கேள்வி எஞ்சுகிறது. 1956க்கு முன் தன்னாட்சி கேட்டிருந்தால் எந்தச் சட்டத்தின் கீழ் கேட்டிருப்பார்கள்? அரசியலமைப்பின் ஆறாம் அட்டவணையில் தன்னாட்சி மாவட்ட மன்றங்கள் அன்றைய அசாமின் பழங்குடிப் பகுதிகளுக்கு மட்டும் இருந்தன. மொழிச் சிறுபான்மைக்குத் தாய்மொழித் தொடக்கக் கல்வி தரச் சொல்லும் 350அ, சிறப்பு அலுவலரை நியமிக்கும் 350ஆ ஆகிய பிரிவுகள் 1956இல் ஏழாவது திருத்தத்தோடுதான் வந்தன. ஆனால் மூன்றாவது பிரிவு முதல் நாளிலிருந்தே இருந்தது; நாடாளுமன்றம் ஒரு சாதாரணச் சட்டத்தால் மாநில எல்லையை மாற்றலாம். திறந்திருந்த கதவைத்தான் நேசமணி தட்டினார். இல்லாத கதவை ஏன் தட்டவில்லை என்று கேட்பது நியாயமா?

பத்மநாபபுரம் வாத்தியார்

இல்லாத கதவைத் தட்டித் தட்டியே உண்டாக்கிய கட்சிகள் உலகில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் நமக்கு அதில் பாடம் உண்டு.

இத்தாலியின் வடக்கே ஆல்ப்ஸ் மலையில் தெற்கு டைரோல் என்ற பகுதி இருக்கிறது. ஜெர்மன் பேசும் மக்கள். முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரியாவிடமிருந்து இத்தாலிக்குப் போனது. 1945 மே மாதம், நம் கட்சி தோன்றிய அதே ஆண்டில், தெற்கு டைரோல் மக்கள் கட்சி அங்கே தோன்றியது. அவர்களும் முதலில் விரும்பியது ஆஸ்திரியாவோடு மீண்டும் இணைவதைத்தான். வல்லரசுகள் மறுத்தன. 1946 செப்டம்பரில் ஆஸ்திரியாவும் இத்தாலியும் பாரிசில் செய்துகொண்ட உடன்பாட்டில் தன்னாட்சி வாக்களிக்கப்பட்டது. 1948இல் இத்தாலி அதைக் கொடுத்த விதம்தான் முக்கியம். தெற்கு டைரோலைத் தனியே விடாமல், இத்தாலி மொழி பேசும் ட்ரெண்டோ மாகாணத்தோடு சேர்த்து ஒரே மண்டலமாக்கி, அந்த மண்டலத்திற்குத் தன்னாட்சி கொடுத்தார்கள். ஜெர்மன் பேசுவோர் தம் சொந்த மலையில் பெரும்பான்மை, தமக்குத் தந்த தன்னாட்சி மன்றத்திலோ சிறுபான்மை.

அந்தக் கட்சி அத்துடன் கலைந்துபோகவில்லை. 1957இல் சில்வியஸ் மாக்னாகோ, ட்ரெண்டோவிலிருந்து விடுதலை என்ற முழக்கத்தோடு மக்களைத் திரட்டினார். 1972இல் இரண்டாவது தன்னாட்சிச் சட்டம் வந்து, அதிகாரங்கள் மண்டலத்திலிருந்து மாகாணத்திற்கு இறங்கின. 1992இல்தான் ஆஸ்திரியா, ஐக்கிய நாடுகள் அவையில் இந்தத் தகராறு முடிந்தது என்று அறிவித்தது. இணைப்பு மறுக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு. அவ்வளவு காலமும் ஒரே கட்சி, ஒரே மக்களிடம் ஓட்டுக் கேட்டு, ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியது.

இப்போது நம் மலைக்கு வாருங்கள். 1972 ஜனவரியில் இடுக்கி மாவட்டம் உருவானபோது, தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய மலைத் தாலுகாக்களோடு, மலையாளம் பேசும் தொடுபுழையையும் எர்ணாகுளத்திலிருந்து எடுத்துச் சேர்த்தார்கள். நிர்வாக வசதிக்காகவே இருக்கலாம். உள்நோக்கம் கற்பிக்க நான் விரும்பவில்லை. ஆனால் அந்த மாவட்ட எல்லை வரையப்பட்டபோது, இது தமிழ்ச் சிறுபான்மையின் விழுக்காட்டை என்ன செய்யும் என்று கேட்க ஒரு கட்சி அங்கே இல்லை. ட்ரெண்டோவைச் சேர்த்தபோது கேட்க ஆள் இருந்தார்கள்.

குழித்துறைக்கரை

வாத்தியார் ஐயா, அவர்களுக்குப் பின்னால் ஆஸ்திரியா என்ற நாடு நின்றது. பன்னாட்டு உடன்பாடு இருந்தது. நமக்குப் பின்னால் இருந்தது சென்னை அரசு. பாலக்காட்டை உள்ளடக்கிய மலபார் மாவட்டம் அதே நாளில் கேரளத்திற்குப் போவதை ஏற்றுக்கொண்ட அரசு அது. ஆகவே ஒப்பீட்டை முழுதாக ஏற்க முடியாது. ஆனால் கட்சி கலையாமல் இருந்திருக்க வேண்டும் என்ற இடத்தில் நீங்கள் சொல்வது எனக்கு உறைக்கிறது.

பறளியாறு

கட்சி கலையாமல் இருந்திருந்தாலும் அது நாடார் கட்சியாகத்தான் மிஞ்சியிருக்கும் என்று என் தாத்தா தலைமுறையில் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

தோவாளைமேடு

அந்தப் பேச்சு அன்றைக்கும் இருந்தது. நாடார் பெண்களின் மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் நினைவு மாறாத குடும்பங்கள் திருவனந்தபுரத்து ஆட்சியிலிருந்து விலக விரும்பியதில் வியப்பு இல்லை. அது குற்றமும் இல்லை. ஆனால் நாஞ்சில் நாட்டில் பி. எஸ். மணியும், நேசமணியோடு மூணாற்றில் கைதான அப்துல் ரசாக்கும் அந்தக் கட்சியினரே. சென்னையிலிருந்து ம. பொ. சிவஞானம் வந்து நின்றது ஒரு சாதிக்காக அல்ல. இந்த இழை அந்தப் பக்கம் திரும்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

களியக்காவிளை

நான் இந்த மாவட்டத்தில் மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குடும்பத்தைச் சேர்ந்தவன். எல்லோரும் மரியாதையாகப் பேசுவதால் நானும் எழுதுகிறேன்.

1956இல் எங்கள் வீடு இருந்த இடத்திலேயே இருந்தது, மாநிலம் மாறியது. நேற்றுவரை பெரும்பான்மையாக இருந்தவர்கள் மறுநாள் சிறுபான்மை ஆனோம். என் தந்தைவழி நிலத்தின் ஆதாரம் (பத்திரம்) மலையாளத்தில் இருக்கிறது. அண்மையில் பாகப்பிரிவினைக்காக அதை எடுத்துக்கொண்டு போனபோது, சார்பதிவாளர் அலுவலகத்தில் யாருக்கும் அதைப் படிக்க முடியவில்லை. வெளியே திண்ணையில் இருந்த வயதான பத்திர எழுத்தர் ஒருவர், கண்ணாடியைக் கழற்றித் தாளை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பகுதியின் பெயர், நான்கு எல்லை, பழைய சர்வே எண் என்று ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதிக் கொடுத்தார். அவருக்குப் பிறகு அந்த வேலைக்கு ஆள் இல்லை என்று அவரே சொன்னார். இது என் ஒருவனின் துன்பம் இல்லை. மேற்குப் பகுதியில் தமிழ்க் குடும்பங்களின் பழைய ஆதாரங்களும் மலையாளத்தில்தான் இருக்கின்றன.

2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தபோது மலையாளவழிப் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் தடுமாறினார்கள். தமிழ் படிக்க மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. படிப்படியாக, ஆசிரியர்களைத் தந்துவிட்டுச் செய்யுங்கள் என்றோம். மூணாற்றுச் சகோதரியின் பதிவைப் படிக்கும்போது, எல்லைக்கோட்டின் இருபுறமும் ஒரே கோரிக்கை மனுவை இரண்டு மொழிகளில் எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. எல்லை மாறினால் சிறுபான்மை தீர்ந்துவிடாது, ஆள் மாறும், அவ்வளவுதான். அப்படி மாறும் ஆளுக்கும் சேர்த்துப் பாதுகாப்புக் கேட்ட கட்சி அன்று இருதரப்பிலும் இல்லை.

குழித்துறைக்கரை

அண்ணன் சொன்ன ஆதார விஷயம் எங்கள் வீட்டிலும் உண்டு. இதோடு நெய்யாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெய்யாறு இடதுகரைக் கால்வாயில் விளவங்கோட்டுக்கு வந்துகொண்டிருந்த தண்ணீர் 2004இல் நின்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. அணை 1956க்கு முன் திட்டமிடப்பட்டபோது இருகரையும் ஒரே மாநிலம். இணைப்பின்போது தண்ணீருக்கும் ஆவணங்களுக்கும் மொழிப் பள்ளிகளுக்கும் எழுத்தில் உறுதி வாங்கியிருக்க வேண்டும் என்று இப்போது நானே சொல்கிறேன். ஆனால் அது இணைப்புக்கு மாற்றாக அல்ல, இணைப்போடு சேர்த்து.

தோவாளைமேடு

நான் கேட்டதும் அதையேதான். மாற்றாக இல்லை, கூடவே.

இன்னும் ஒன்றைச் சேர்க்கிறேன். அதே ஆணைய அறிக்கையில் மொழிச் சிறுபான்மையினருக்கான ஒரு பரிந்துரை இருக்கிறது. ஒரு மாவட்டத்தில் 70 விழுக்காட்டிற்கும் மேலானோர் மாநிலச் சிறுபான்மை மொழியைப் பேசினால், அந்த மாவட்ட நிர்வாகத்தின் மொழி அதுவாக இருக்கலாம் என்பது அதன் சாரம். தேவிகுளத்தில் 72 விழுக்காடு. ஆனால் அது மாவட்டம் இல்லை. அன்றைய கோட்டயம் மாவட்டத்தின் ஒரு தாலுகா. இரண்டு விழுக்காடு கூடுதலாக வைத்திருந்த மக்கள், மாவட்டம் என்ற ஒரு சொல்லால் வெளியே நிறுத்தப்பட்டார்கள். அந்த இடத்தில், "தாலுகாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது இந்த இரண்டு தாலுகாக்களையும் தனி மாவட்டமாக்குங்கள்" என்று சட்டமன்றத்தில் எழுந்து கேட்க ஐந்தாறு உறுப்பினர்கள் இருந்திருந்தால் போதும். எல்லைக் கோரிக்கை தோற்ற மறுநாள் தொடங்கியிருக்க வேண்டிய வேலை அது. நம் தலைவர்கள் அந்நேரம் சென்னைச் சட்டமன்றத்தில் இருந்தார்கள். திருவனந்தபுரத்தில் தமிழருக்கென்று ஒரு கட்சி இல்லை. நேசமணி 1968இல் மறையும்வரை நம் மாவட்டத்திற்குச் செய்தவற்றை எண்ணி நன்றி சொல்வேன். ஆனால் கட்சியின் மலைக்கிளையைத் தனியாக உயிரோடு விட்டிருக்கலாம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை.

மூணாற்றுமகள்

பெரியவர்கள் எல்லோருக்கும் நன்றி. பழையதைப் பேசியது போதும் என்று நினைக்கவில்லை, ஆனால் எனக்கு இப்போது ஒரு தேவை இருக்கிறது. என் அம்மா ஓய்வுப் பணம் தொடர்பாக ஒரு மனு எழுத வேண்டும். அவருக்கு மலையாளம் பேச வரும், எழுத வராது. தமிழில் எழுதிக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். அது உண்மையா?

பத்மநாபபுரம் வாத்தியார்

வாங்க மறுக்கக் கூடாது அம்மா. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிகள் சட்டத்தில் தமிழ், கன்னடச் சிறுபான்மையினருக்குத் தனி ஏற்பாடு இருக்கிறது. தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழிலேயே எழுதலாம். மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களிலுள்ள உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் எழுதலாம். பதிலும் தமிழில் வர வேண்டும். தோட்டக் கம்பெனியின் அலுவலகத்தை இந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. ஆகவே மனுவைத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் கொடுங்கள், நகல் ஒன்றைத் துறைத் தலைவருக்குத் திருவனந்தபுரம் முகவரியில் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மனுவின் முதல் வரியிலேயே சட்டத்தின் பெயரையும் ஆண்டையும் குறிப்பிடுங்கள். வாங்க மறுத்தால், மறுத்ததை எழுத்தில் கேளுங்கள்.

களியக்காவிளை

மலையாளத்தில் ஒரு நகலும் இணைத்துவிட்டால் வேலை விரைவாக நடக்கும் சகோதரி. தமிழ் மனுவை இங்கே தனிச் செய்தியில் அனுப்புங்கள். நான் மலையாளத்தில் எழுதித் தருகிறேன்.